டிஎன்எஸ் மாற்றிய பின் மின்னஞ்சல்கள் திரும்பி வருகின்றன: ஒரே முகவரிக்குக் காலையில் போகிறது, மாலையில் போவதில்லை

கேள்வி: கோட்டை அலுவலகம்

அனைவருக்கும் வணக்கம். கொழும்புக் கோட்டையில் உள்ள சிறிய சரக்கு முகவர் நிறுவனம் ஒன்றில் கணினி வேலைகளைக் கவனித்து வருகிறேன். நாங்கள் பதினான்கு பேர். கொள்கலன் வரும் நாளை இறக்குமதியாளருக்கு அறிவிப்பது, சுங்கத் தீர்வைக் கணக்கை அனுப்புவது, பற்றுச்சீட்டு அனுப்புவது என்று எங்கள் தொழில் முழுவதும் மின்னஞ்சலில்தான் ஓடுகிறது. ஒரு கடிதம் இரண்டு நாள் பிந்தினாலே துறைமுகத்தில் கிடக்கும் பெட்டிக்கு டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கிவிடும் என்பதால், இந்தப் பிரச்சினை எனக்கு இரவு நித்திரையைக் கெடுத்துவிட்டது.

ஒன்பது நாட்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை, அலுவலகம் பூட்டியிருந்த நேரத்தில் மூன்று மாற்றங்களைச் செய்தேன். முதலாவது, டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்ச் சேவையில் எங்கள் டொட் கொம் டொமைனின் விபரங்களைக் கொடுக்கும் நேம்சேர்வர்களைப் பழைய ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து புதிய நிறுவனத்துக்கு மாற்றினேன். இரண்டாவது, பழைய இடத்தில் இருந்த மின்னஞ்சல் சேவையை நாங்களே வாடகைக்கு எடுத்த ஒரு சேர்வருக்குக் கொண்டுபோனேன். ஆகவே கடிதங்கள் புறப்படும் ஐபி முகவரியும் மாறிவிட்டது. மூன்றாவது, அலுவலகத்தின் இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றினோம். மூன்றையும் ஒரே நாளில் செய்தது பிழை என்பது இப்போது விளங்குகிறது, ஆனால் சனிக்கிழமையை விட்டால் எங்களுக்கு வேறு நாள் கிடைப்பதில்லை.

இப்போது இரண்டு விதமாகக் கடிதங்கள் திரும்புகின்றன. ஊழியர்கள் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் கடிதங்கள் சில வேளை போகின்றன, சில வேளை 550 5.7.26 என்ற குறியீட்டுடன் அந்த நிமிடமே திரும்புகின்றன. புறக்கோட்டையில் துணி இறக்குமதி செய்யும் ஒருவருக்குக் காலை பத்து மணிக்கு அனுப்பியது போய்ச் சேர்ந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு அதே கணினியிலிருந்து அதே முகவரிக்கு அனுப்பியது திரும்பி வந்தது. மற்றது, பற்றுச்சீட்டுகளைத் தானாக அனுப்பும், டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் கணினி ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது. அதில் கடிதங்களை அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருள். அது அனுப்பியவை ஐந்து நாட்கள் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்துவிட்டு, வியாழக்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின. இதுவரை அறுபத்து மூன்று.

புதிய ஹோஸ்டிங் நிறுவனத்திடம் மூன்று முறை தொலைபேசியில் பேசினேன். டிஎன்எஸ் மாற்றம் உலகம் முழுவதும் பரவ 48 மணிநேரம் ஆகும், காத்திருங்கள் என்ற ஒரே பதிலைத்தான் மூன்று முறையும் சொன்னார்கள். உள்ளே வரும் கடிதங்களில் எந்தக் குறையும் இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: தெஹிவளைவாசி

550 5.7.26 என்றால், கடிதத்தை அனுப்பியவர் உண்மையில் அந்த டொமைனுக்கு உரியவர்தானா என்று ஜிமெயிலால் உறுதிப்படுத்த முடியவில்லை என்று பொருள். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுள் இதில் கடுமையாக இருக்கிறது. எஸ்பிஎஃப் (எந்த ஐபிகள் அந்த டொமைனின் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (கடிதத்தில் இடப்படும் இலக்கக் கையொப்பம்) ஆகிய இரண்டில் ஒன்றாவது தேறியிருக்க வேண்டும்; ஒரு நாளைக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டுமே வேண்டும், இவை தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவும் வேண்டும்.

உங்கள் எஸ்பிஎஃப் பதிவில் புதிய ஐபி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். பழையதை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் சேர்த்திருந்தால் இரண்டுமே செல்லாது. புதிய ஐபிக்குப் பின்னோக்கிய பெயர்ப் பதிவு, அதாவது பிடிஆர், இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதை டொமைனின் டிஎன்எஸ்ஸில் போட முடியாது, ஐபியின் சொந்தக்காரராகிய சேர்வர் நிறுவனம்தான் போட வேண்டும். திரும்பி வந்த கடிதத்தின் அடிப்பகுதியில் எஸ்பிஎஃப் என்ன ஆனது, டிகிம் என்ன ஆனது என்று இரண்டு வரிகள் இருக்கும். அவற்றை இங்கே எழுதுங்கள்.

கோட்டை அலுவலகம்

நன்றி. திரும்பி வந்த கடிதத்தில் டிகிம் தேறவில்லை, எஸ்பிஎஃப் தேறவில்லை என்று இரண்டு வரிகளும் இருக்கின்றன. அதில் காட்டப்படும் ஐபி எங்கள் புதிய சேர்வருடையதுதான். ஆனால் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கிறது, அதில் அந்தப் புதிய ஐபியும் இருக்கிறது. இணையத்தில் உள்ள சோதனைப் பக்கம் ஒன்றில் நான்கு முறை போட்டுப் பார்த்துவிட்டேன், நான்கு முறையும் சரி என்றே வருகிறது. பிடிஆர் பதிவும் சரியாக இருக்கிறது. போய்ச் சேர்ந்த ஒரு கடிதத்தின் தலைப்பகுதியை அந்தப் புறக்கோட்டை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் எஸ்பிஎஃப் தேறியிருக்கிறது, டிகிம் தேறவில்லை.

பதில்: கொட்டாஞ்சேனை

உங்கள் கடைசி மூன்று வரிகளில் விடை பாதி இருக்கிறது. டிகிம் எப்போதும் தவறுகிறது. எஸ்பிஎஃப் சில வேளை தேறுகிறது, சில வேளை தவறுகிறது. எஸ்பிஎஃப் தேறும் வேளையில் அந்த ஒன்றைக் கொண்டு கடிதம் தப்பிவிடுகிறது. அதுவும் தவறும் வேளையில் திரும்புகிறது. ஆகவே இங்கே இருப்பது இரண்டு தனித்தனிப் பிழைகள், அவற்றைச் சேர்த்து யோசித்தால் ஒன்றும் பிடிபடாது.

முதலில் காத்திருக்கச் சொன்ன விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பதில்தான் உங்கள் ஒரு கிழமையைத் தின்றிருக்கிறது. டிஎன்எஸ்ஸில் எதுவும் பரவுவதில்லை. ஒவ்வொரு ரிசோல்வரும், அதாவது மற்றவர்களுக்காக டிஎன்எஸ்ஸில் கேட்டுச் சொல்லும் சேர்வரும், தான் ஒரு முறை கேட்டு வாங்கிய பதிலை, அந்தப் பதிலோடு வந்த டிடிஎல் என்ற காலம் முடியும்வரை நினைவில் வைத்திருக்கிறது. முடிந்ததும் மறுபடி கேட்கிறது. டொட் கொம் டொமைன்களின் நேம்சேர்வர் விபரத்துக்கு மேல்மட்டமாகிய டொட் கொம் சேர்வர்கள் கொடுக்கும் காலம் 172800 நொடிகள், அதாவது 48 மணிநேரம். அந்தக் கணக்கு இரண்டாம் நாளோடு முடிந்துவிட்டது. ஒன்பதாம் நாளிலும் யாரோ பழைய பதிலைப் பெறுகிறார்கள் என்றால், எங்கேயோ ஒரு சேர்வர் அந்தப் பழைய பதிலை இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

என் ஊகம் இதுதான். டொமைனை வாங்கிய நிறுவனத்தின் பக்கத்தில் நேம்சேர்வர் பெயர்களை எழுதுவதற்கு நான்கைந்து கட்டங்கள் இருக்கும். பழைய நிறுவனம் மூன்று பெயர்கள் தந்திருக்கும், புதிய நிறுவனம் இரண்டு தந்திருக்கும். நீங்கள் முதல் இரண்டு கட்டங்களில் புதிய பெயர்களை எழுதிச் சேமித்திருப்பீர்கள். மூன்றாவது கட்டத்தில் பழைய பெயர் அப்படியே இருந்திருக்கும். நான் இதே பிழையை இரண்டு இடங்களில் திருத்தியிருக்கிறேன். இரண்டிலும் திரையைச் சற்றுக் கீழே தள்ளிய பிறகுதான் அந்தக் கட்டம் கண்ணில் பட்டது.

அப்படியிருந்தால் நடப்பதைப் பாருங்கள். ஜிமெயில் பக்கத்து ரிசோல்வர் ஒன்று உங்கள் டொமைனைப் பற்றி மேல்மட்டத்தில் கேட்கும்போது மூன்று பெயர்கள் கிடைக்கின்றன. அது புதிய சேர்வரிடம் போனால் புதிய எஸ்பிஎஃப்பைப் பெறும், கடிதம் தேறும். பழைய சேர்வரிடம் போனால், அங்கே உங்கள் பழைய சோன், அதாவது டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளின் தொகுப்பு, இன்னும் அழிக்கப்படாமல் இருப்பதால், பழைய ஐபி மட்டும் உள்ள பழைய எஸ்பிஎஃப் கிடைக்கும், கடிதம் தேறாது. இதில் இன்னுமொரு சிக்கலும் உண்டு. பழைய சோனுக்குள் பழைய நேம்சேர்வர்களின் பெயர்கள் மாத்திரமே எழுதப்பட்டிருக்கும். அங்கே போன ரிசோல்வர்களில் சில, அந்தப் பட்டியலையே அதிகாரமுள்ளதாக எடுத்துக்கொண்டு, அடுத்த பல மணிநேரத்துக்குப் பழைய சேர்வர்களிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். காலையில் போய் மாலையில் திரும்புவதும், நீங்கள் பாவித்த சோதனைப் பக்கம் நான்கு முறையும் சரி என்றதும் இதனால்தான். அந்தப் பக்கத்தின் ரிசோல்வர் முதலில் புதிய பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டது.

உறுதிப்படுத்துவது எளிது. டிஎன்எஸ்ஸை விசாரிக்கும் டிக் கட்டளையை ட்ரேஸ் தெரிவுடன் ஓட்டி, நேம்சேர்வர் பெயர்களைக் காட்டும் என்எஸ் பதிவை உங்கள் டொமைனுக்குக் கேளுங்கள். டொட் கொம் சேர்வர் தரும் வரிகளில் எத்தனை பெயர்கள் வருகின்றன என்று எண்ணுங்கள். பிறகு அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றிடமும் நேரடியாக எஸ்பிஎஃப் எழுதப்படும் டெக்ஸ்ட் பதிவையும், கடிதங்கள் வந்து சேரும் சேர்வரைக் காட்டும் எம்எக்ஸ் பதிவையும் கேளுங்கள். விண்டோஸ் கணினியானால் என்எஸ்லுக்அப் கட்டளையின் கடைசியில் நேம்சேர்வரின் பெயரைச் சேர்த்தால் போதும். இடையில் நிற்கும் ரிசோல்வர் சொல்வதை நம்பாமல், மூலத்தில் இருப்பவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பதுதான் இந்தச் சோதனையின் உயிர்.

அடுத்தது டிகிம். உங்கள் புதிய சேர்வர் 2048 பிட் சாவியை உருவாக்கியிருக்கும். அந்தப் பொதுச் சாவி 392 எழுத்துகள் நீளமானது. ஆனால் டெக்ஸ்ட் பதிவில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துகள்தான் அடங்கும். அதற்கு மேற்பட்டதை இரண்டு துண்டுகளாக, ஒவ்வொன்றையும் தனித்தனி மேற்கோள் குறிக்குள், ஒரே பதிவாக எழுத வேண்டும். சில ஹோஸ்டிங் பக்கங்கள் இதைத் தாங்களே செய்யும், சில பக்கங்கள் ஒன்றும் சொல்லாமல் 255இல் வெட்டிவிடும். உங்கள் பதிவை வாசித்து, சாவியின் கடைசி ஆறு எழுத்துகளைப் பாருங்கள். இந்த அளவுச் சாவிகள் வழக்கமாக ஐ, டி, ஏ, கியூ, ஏ, பி என்ற ஆறு எழுத்துகளில் முடியும். வேறெதிலாவது முடிந்தால் வால் வெட்டுப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள். உள்ளே வரும் கடிதங்களில் குறையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய சோன் உயிரோடு இருந்தால், அதில் உள்ள எம்எக்ஸ் பதிவு பழைய மின்னஞ்சல் சேர்வரைத்தான் காட்டும். அந்தப் பெட்டிகள் இன்னும் மூடப்படவில்லை என்றால், உங்களுக்கு எழுதியவர்களில் ஒரு பகுதியினரின் கடிதங்கள் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் அங்கே போய் விழுந்துகொண்டிருக்கும். அனுப்பியவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. திரும்பி வருகிற கடிதமாவது சத்தம் போடும்.

கோட்டை அலுவலகம்

ஐயா, நீங்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. ட்ரேஸ் கட்டளையில் மூன்று பெயர்கள் வந்தன, மூன்றாவது பழையது. டொமைன் பக்கத்தில் மூன்றாவது கட்டத்தில் அது இருக்கிறது. சனிக்கிழமை இதே பக்கத்தைத் திறந்து, சேமித்து, படமும் பிடித்து வைத்திருந்தேன். அந்தப் படத்திலும் இருக்கிறது. பழைய நேம்சேர்வரிடம் கேட்டால் பழைய எஸ்பிஎஃப் வருகிறது. டிகிம் சாவியும் சரியாக 255ஆம் எழுத்தில் நின்றுவிட்டது.

பழைய வெப்மெயிலைத் திறந்து பார்த்தேன். மாத முடிவுவரை கணக்கு செல்லுபடியாகும் என்பதால் கடவுச்சொல் வேலை செய்தது. பொது முகவரியின் பெட்டியில் வாசிக்கப்படாத கடிதங்கள் பதினொன்று. அவற்றில் ஒன்று கப்பல் முகவர் அனுப்பிய வருகை அறிவித்தல், ஆறு நாள் பழையது. அந்த இறக்குமதியாளர் வெள்ளிக்கிழமை தொலைபேசியில் கேட்டபோது இன்னும் அறிவித்தல் வரவில்லை என்று நானே உறுதியாகச் சொல்லியிருந்தேன். உடனே அவருக்கு அழைத்து நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது கட்டத்தை அழித்துவிட்டேன். இனி 48 மணிநேரம் பொறுக்க வேண்டுமா? மற்றது, பற்றுச்சீட்டுக் கணினியின் கதை இதோடு சேர்ந்ததா? அதில் திரும்பி வந்தவற்றில் 5.7.26 இல்லை. பெயர்ச் சேவையில் பிழை, கணினியின் பெயர் கிடைக்கவில்லை, மறுபடி முயலவும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அதே கணினியில் பிரவுசர் வேலை செய்கிறது, பிங் கட்டளைக்கும் எல்லாப் பெயர்களும் கிடைக்கின்றன.

பதில்: கொட்டாஞ்சேனை

பொறுக்கத் தேவையில்லை. பழைய கணக்கு உங்கள் கையில் இருப்பது பெரிய வசதி. பழைய நிறுவனத்தின் டிஎன்எஸ் பக்கத்துக்குள் போய், அந்தப் பழைய சோனையே புதியதைப் போல மாற்றிவிடுங்கள்: எம்எக்ஸ், எஸ்பிஎஃப், முழுமையான டிகிம், இணையத்தள முகவரி, என்எஸ் பெயர்கள் எல்லாவற்றையும். அங்கே யார் போய்க் கேட்டாலும் அப்போது சரியான பதில்தான் கிடைக்கும். அங்குள்ள டிடிஎல் 14400 என்றிருந்தால் நான்கு மணிநேரத்தில் அந்தப் பதிவுகள் நேராகிவிடும். என்எஸ் பெயர்களை மாற்ற அந்தப் பக்கம் இடம் தராவிட்டால் விட்டுவிடுங்கள், மற்றவை போதும்.

பற்றுச்சீட்டுக் கணினி வேறு கதை என்றுதான் நினைக்கிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் நன்றாகத் தெரிந்தவர் யாராவது சொல்லட்டும்.

பதில்: வெள்ளவத்தை

ஐந்து நாள் சத்தமில்லாமல் இருந்து பிறகு திரும்பியது என்ற குறிப்பைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு கடிதத்தைத் தற்காலிகக் காரணத்தால் அனுப்ப முடியாதபோது அதை வரிசையில் வைத்து மறுபடி மறுபடி முயலும். வேறு அமைப்பு எதுவும் செய்யாவிட்டால் அந்தக் காலம் ஐந்து நாட்கள். இடையில் உங்களுக்கு அறிவிக்கும் வசதியும் நீங்களாகத் திறந்தால் ஒழிய மூடியே இருக்கும். ஆகவே சனிக்கிழமையிலிருந்தே அது பழுதாகித்தான் இருந்திருக்கிறது, வியாழக்கிழமைதான் வாய் திறந்திருக்கிறது.

காரணம் நீங்கள் செய்த மூன்றாவது மாற்றம். டெபியனின் பல பதிப்புகளில் போஸ்ட்ஃபிக்ஸின் அனுப்பும் பகுதி, பாதுகாப்புக்காகத் தனக்கென ஒதுக்கப்பட்ட ஒரு கோப்புறைக்குள் பூட்டப்பட்டே ஓடுகிறது. வெளியில் உள்ள கோப்புகள் அதற்குத் தெரியாது. எந்த டிஎன்எஸ் சேர்வரிடம் கேட்பது என்பதை வைத்திருக்கும் ரிசோல்வ் கோப்பின் பிரதி ஒன்று அந்தக் கோப்புறைக்குள்ளும் இருக்கும்; போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கும் நேரத்தில்தான் அது வெளியிலிருந்து பிரதியெடுக்கப்படும். நீங்கள் இணைய இணைப்பை மாற்றியபோது வெளிக்கோப்பு மாறிவிட்டது, ஆகவே பிரவுசரும் பிங்கும் வேலை செய்கின்றன. உள்ளே இருக்கும் பிரதியில் பழைய இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரி இருக்கிறது. அந்தச் சேர்வர் தன் வாடிக்கையாளர் அல்லாதவர்களுக்குப் பதில் சொல்லாது. எனவே போஸ்ட்ஃபிக்ஸுக்கு உங்கள் மின்னஞ்சல் சேர்வரின் பெயரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வார் கோப்புறையில் ஸ்பூல், அதற்குள் போஸ்ட்ஃபிக்ஸ், அதற்குள் ஈடிசி என்று போய், உள்ளிருக்கும் ரிசோல்வ் கோப்பை வெளிக்கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் தொடங்குங்கள், பிரதி புதுப்பிக்கப்படும். பிறகு வரிசையில் இன்னும் கிடப்பவற்றைப் போஸ்ட்கியூ கட்டளையால் தள்ளிவிடலாம். ஏற்கெனவே திரும்பி வந்த அறுபத்து மூன்றையும் கணக்கு மென்பொருளிலிருந்து மறுபடி அனுப்பத்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரிச் சிக்கலில் மாட்டியவர்கள் பலர் எல்லா இடத்திலும் கூகுளின் பொது ரிசோல்வரான 8.8.8.8 என்று போட்டுவிடுவார்கள். பற்றுச்சீட்டுக் கணினியில் அப்படிப் போடுவதில் பாதகம் இல்லை. வாடகைக்கு எடுத்த மின்னஞ்சல் சேர்வரில் மட்டும் போடாதீர்கள். ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்கள் பொது ரிசோல்வர்கள் வழியாக வரும் கேள்விகளுக்கு உண்மையான விடை தருவதில்லை, 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத்தான் தரும். உங்கள் வடிகட்டி அதைத் தடைப்பட்டியலில் இருக்கிறது என்று வாசித்தால் நல்ல கடிதங்களை எல்லாம் வாசலிலேயே தள்ளிவிடும். அந்தச் சேர்வரில் அன்பவுண்ட் போன்ற சொந்த ரிசோல்வர் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள்.

கோட்டை அலுவலகம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உள்ளே இருந்த பிரதியில் பழைய இணைய நிறுவனத்தின் இரண்டு முகவரிகளும் அப்படியே இருந்தன. போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் தொடங்கியதும் வரிசையில் கிடந்த நாற்பத்தியொரு பற்றுச்சீட்டுகளும் நான்கு நிமிடத்துக்குள் போய்விட்டன. திரும்பியவற்றைக் கணக்குப் பிரிவு மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறது. பழைய சோனை நேற்றுப் பிற்பகல் புதியதைப் போல மாற்றினேன், டிகிம் சாவியை இரண்டு துண்டுகளாக எழுதினேன். இன்று காலையிலிருந்து ஆறு ஜிமெயில் முகவரிகளுக்கு மணிக்கொரு முறை அனுப்பிப் பார்க்கிறேன், எல்லாவற்றிலும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் தேறியிருக்கின்றன.

வருகை அறிவித்தல் தவறிய அந்தக் கொள்கலனை இன்று வெளியே எடுத்துவிட்டோம். மேலதிக நாட்களுக்கான டெமரேஜை எங்கள் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. பழைய ஹோஸ்டிங் கணக்கு மாத முடிவில் முடிகிறது. இப்போதே மூடிவிடலாமா?

பதில்: கொட்டாஞ்சேனை

இப்போதே மூட வேண்டாம். மூன்றாவது பெயரை அழித்த நேரத்திலிருந்து 48 மணிநேரம் போகட்டும். இந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு: மேல்மட்டம் கொடுத்த பழைய பதில் அதுவரை சில ரிசோல்வர்களின் நினைவில் இருக்கலாம். அதற்குப் பிறகும் மாத முடிவுவரை பழைய வெப்மெயிலை ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு முறை திறந்து பாருங்கள். பொது முகவரியை மட்டும் பார்த்தீர்களா, பதினான்கு பேரின் பெட்டிகளையும் பார்த்தீர்களா?

கோட்டை அலுவலகம்

பொது முகவரியை மட்டும்தான் பார்த்தேன். இப்போதே மற்றவற்றையும் திறக்கிறேன்.